வலது கண்ணை மூடிக்கொண்டு ஆடிய பேஸ்பால்

என் மகளுக்கு வலது கண் நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணைத்தான் ஒட்டி மூடச் சொன்னார்கள்.

இடது கண்ணில் பார்வை குறைவு. வலது கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடுவதால், மூளை இடது கண்ணைக் கவனிப்பதையே நிறுத்திவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். கண்ணாடி போட வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் நல்ல கண்ணின்மேல் ஒட்டுத்துணியை ஒட்டி, மாலை முழுவதும் இடது கண்ணை வேலை வாங்க வேண்டும். இந்த வயதில் பழக்கினால் பார்வை திரும்பும், வளர்ந்த பிறகு கடினம் என்றார். அவள் தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரான பாடாங் செராய்க்குத் திரும்பும் வழியெல்லாம் மருத்துவரின் அந்தக் கடைசி வாக்கியம் மட்டுமே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பாலர் பள்ளியில் அவள் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தபோதே கவனித்திருக்க வேண்டுமோ என்று யோசித்தேன். கவனித்தேன்தான். ஆர்வம் என்று நினைத்துவிட்டேன்.

ஒட்டுத்துணி போட்டதும் அவளுக்கு உலகம் மங்கிவிடும். வண்ணம் தீட்டச் சொன்னேன், மணி கோக்கச் சொன்னேன். நான் சமையலறைக்குப் போய்த் திரும்பினால் ஒட்டுத்துணி மேசையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ஏன் பாப்பா எடுத்த?"

"அதுவா விழுந்துருச்சு."

"விழுந்தது எப்படி மேசைக்கு அடியில போயி ஒட்டிக்கும்?"

"காத்துலம்மா," என்று மின்விசிறியைக் காட்டுவாள்.

கிளினிக்கில் அடுத்த முறை கேட்டேன். சின்னதாக எதையாவது உற்றுப் பார்க்கும் வேலை எதுவானாலும் சரி, கணினி விளையாட்டுகூட ஆகும் என்றார் அங்கிருந்த மலாய்க்கார அலுவலர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, கணினி உண்மையிலேயே பரவாயில்லையா என்று மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்து, "போலே, போலே," என்று மலாயில் சம்மதம் சொல்லித் தலையாட்டினார்.

வீட்டில் என் கொழுந்தன் பினாங்கில் படித்தபோது வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தது. அதில் மூன்று விளையாட்டுகள் இருந்தன. ஒன்றில் ஆட்களைச் சுட வேண்டும். அதை உடனே அழித்தேன். கார் ஓட்டும் விளையாட்டில் எனக்குத் தலை சுற்றியது. மிச்சம் இருந்தது பேஸ்பால். சின்ன வெள்ளைப் பந்து ஒன்று தூரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. உற்றுப் பார்க்க இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

"பேஸ்பாலா? நம்ம ஊர்ல எவன்டி அத ஆடுறான்?" என்றார் என் கணவர். கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். "பூப்பந்து எதுவும் இல்லியா அதுல?"

மாமியாருக்கு அது சிரிப்பான விஷயமாக இல்லை. "புள்ளைக்குக் கண்ணு சரியில்லன்னு டிவிய மூடி வச்ச. இப்ப நீயே கம்ப்யூட்டர தொறந்து குடுக்குறியாம்மா?"

"கிளினிக்குல போலேன்னு சொல்லிட்டாங்க அத்த."

"அவங்களுக்கு என்னா. புள்ள நம்ம புள்ள லா." எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக அவர் ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தார். பேத்தி குணமாவது அந்த வேண்டுதலால்தான் என்றால் நடுவில் நான் வந்து கெடுத்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கும் இருந்தது.

மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நீயும் ஆடுனாத்தான் நான் ஆடுவேன். தனியா ஆட மாட்டேன்."

இருவரும் ஒரே அணி, கணினி எதிரணி என்று வைத்துக்கொண்டோம். விசைப்பலகையைப் பங்கு போட்டோம். நீளமான விசையைத் தட்டினால் மட்டை சுழலும், அது அவளுக்கு. அம்புக்குறி விசைகளை அழுத்தினால் ஆட்கள் ஓடுவார்கள், அது எனக்கு.

ஓட்டம் எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்தேன். சிடாம் கிரிப் பக்கம் நான் படித்த தமிழ்ப்பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ் ஆடுவோம். நான்கு கம்பு நட்டு, குட்டையான மட்டையால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் ஆட்டம். எனக்கு மட்டை பிடிக்க வராது. ஆனால் ஓடுவேன். ரவுண்டர்ஸில் நல்ல பந்து ஒன்றுதான் கிடைக்கும். பட்டாலும் படாவிட்டாலும் ஓடியே ஆக வேண்டும். யாராவது பந்தை அந்தரத்தில் பிடித்துவிட்டால் அடித்தவள் மட்டும் அவுட். மற்ற கம்புகளில் நிற்பவர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கலாம்.

அதையே கணினியிலும் செய்தேன். மகள் எப்போதாவது பந்தை உயரத் தூக்கினால் எங்கள் ஆட்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். எதிரணிக்காரன் பந்தைப் பிடித்தான், பிறகு சாவகாசமாக எறிந்தான், ஓடிக்கொண்டிருந்தவனும் அவுட்.

"ஏம்மா அவன் அவுட்டு? அவன் அடிக்கவே இல்லியே."

"தெரியல பாப்பா. இந்த கம்ப்யூட்டர் ஏமாத்துது."

மறுபடியும் அப்படியே ஆனது. மறுபடியும் கணினியைத் திட்டினேன்.

அவளுடைய பாடு இன்னும் மோசம். இடது கண்ணுக்குப் பந்து தெரியவே இல்லை. எறிபவனின் கை அசைவதுகூடத் தெரியவில்லை. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கண்ணாக இருந்தேன். பந்து வரும்போதெல்லாம் "அடி" என்பேன். அவள் அடிப்பாள். வரும் பந்தை அடிக்காமல் விடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எதிரணி எட்டாத இடத்தில் போட்ட பந்துகளுக்கெல்லாம் மட்டையைச் சுழற்றிச் சுழற்றி அவுட் ஆனோம். ஆனால் ஒட்டுத்துணி கண்ணிலேயே இருந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். தோற்றாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

அவளுக்குப் பரவாயில்லை என்று இல்லை. "நம்ம எப்பயுமே தோக்குறோம்மா," என்றாள் ஒருநாள். அடுத்த நாள் மேசைக்கு அடியில் ஒட்டுத்துணி இருந்தது.

அன்றுதான் நான் சரியாகப் படிக்க உட்கார்ந்தேன். பரீட்சைக்குப் படிப்பவள்போல விளையாட்டின் உதவிப் பக்கங்களைப் படித்தேன். துணி மடித்துக்கொண்டே காணொளிகள் பார்த்தேன். கணினி எங்களை ஏமாற்றவே இல்லை. பேஸ்பாலில் பந்தைப் பிடித்துவிட்டால், ஓடக் கிளம்பியவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பித் தொட வேண்டும். பிடிக்கும்வரை காத்திருந்து அதன் பிறகு கிளம்பினால் ஓடலாம். அதோடு, எட்டாத இடத்தில் வரும் பந்தை அடிக்காமல் விட்டால் அது எறிபவனின் தவறு; அப்படி நான்கு போட்டுவிட்டால் அடிப்பவர் ஓடாமல் நடந்தே முதல் இடத்துக்குப் போகலாம். நான் இத்தனை நாளும் பேஸ்பால் மைதானத்தில் எங்கள் பள்ளி ரவுண்டர்ஸை ஆடிக்கொண்டிருந்தேன்.

கற்றதைக் கைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. பந்து மேலே போனாலே என் விரல் தானாக அழுத்திவிடும். ஆகவே பந்து தரையில் உருண்டால் மட்டும் அழுத்துவது, மேலே போனால் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது என்று பழகினேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, பூசையில ஒக்காந்த மாதிரி கைய வச்சிருக்க?" என்று கேட்டார்.

"ஓடாம இருக்கப் பழகுறேன் அத்த."

"அதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர். என் முட்டிக்கால வாங்கிக்க."

அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு ஓட்டம் எடுத்தோம். மகள் ஒட்டுத்துணியில் தானே நட்சத்திரம் வரைந்து, எடுத்து வந்து என்னிடம் நீட்ட ஆரம்பித்தாள்.

ஒரு மாலை ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது இரு பக்கமும் சமம். எங்கள் ஆள் ஒருவன் மூன்றாவது இடத்தில் நின்றான். அவன் அடிப்பவர் நிற்கும் வீட்டுத்தட்டுக்கு வந்துவிட்டால் ஜெயிப்போம். மூன்று பேர் அவுட் ஆகும்வரை ஆடலாம்; எங்களில் ஒருவன்தான் அவுட் ஆகியிருந்தான். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மாமியார் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

பந்து வந்தது. "அடி," என்றேன்.

அவள் அடிக்கவில்லை.

"அடின்னேன்ல பாப்பா."

"வெளிய போச்சும்மா."

திரையைப் பார்த்தேன். வெளியேதான் போயிருந்தது. விளையாட்டும் அப்படித்தான் சொன்னது. எனக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் புரியவில்லை. ஒட்டுத்துணி நழுவிவிட்டதோ, ஓரமாக எட்டிப் பார்க்கிறாளோ என்று குனிந்து பார்த்தேன். புருவத்திலிருந்து கன்னம் வரை நன்றாக ஒட்டியிருந்தது.

"என்னம்மா பாக்குற? அடுத்தது வருது."

அடுத்த பந்துக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அதையும் அவள் விட்டாள். அதுவும் வெளியே போனது. அவள் இடது கண் கண்ணாடிக்குப் பின்னால் பந்தோடு பந்தாக நகர்வதை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நடுவே வந்தது. அவள் தட்டினாள். பந்து உயரமாக, மைதானத்தின் கோடி வரைக்கும் போனது. என் இரு கைகளும் மடியில் இருந்தன.

"ஓடும்மா."

"இரு பாப்பா."

எதிரணிக்காரன் பின்னால் போய்ப் பந்தைப் பிடித்தான். மாமியார் திரியோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். "புடிச்சிட்டானே, போச்சு," என்றார். நான் அப்போதுதான் அழுத்தினேன்.

"அதான் அவுட்டு ஆச்சே, இன்னும் எங்க ஓடவுடுற?"

"அவன் புடிச்ச பொறவு ஓடலாம் அத்த." என் ஆள் ஓடினான். பந்து பின்னாலேயே வந்தது. அவன் சறுக்கிக்கொண்டு தட்டைத் தொட்டான். திரையில் வாணவேடிக்கை.

மகள் நாற்காலியின்மேல் ஏறி நின்றாள். மாமியார் யார் ஜெயித்தது என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, "அப்ப சரி," என்று விளக்கேற்றப் போனார். நான் அவள் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்தால் அல்ல. அவள் "வெளிய போச்சும்மா" என்று சொன்னதால்.

உடனே சந்தேகமும் வந்தது. அதிர்ஷ்டமாக இருக்கலாம். பழக்கத்தில் ஊகித்திருக்கலாம். கிளினிக் நாள் வரும்வரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

கிளினிக்கில் வலது கண்ணை மூடிக்கொண்டு தூரத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். முதல் முறை வந்தபோது மேலே உள்ள பெரிய எழுத்தோடு நின்றுவிட்டவள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் முதல் வரியைப் படித்தாள், இரண்டாவதைப் படித்தாள். அடுத்ததில் நின்று, கண்ணைச் சுருக்காமல் நிதானமாகப் பார்த்து, அதையும் படித்தாள். அதற்கும் கீழே உள்ள வரியில் ஊகிக்கவில்லை. "இது இன்னும் தெரியல," என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். நல்ல முன்னேற்றம், ஆனால் ஒட்டுத்துணியை இன்னும் விடக் கூடாது என்றார் அலுவலர். புதிய ஒட்டுத்துணிக் கட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். முழுதாகக் குணமானதும் சாத்த நினைத்திருந்த கண்மலரை அந்த வெள்ளிக்கிழமையே சாத்திவிடலாம் என்று மாமியார் பின்னர் முடிவு செய்தார்.

வீட்டில் அவளை என்ன செய்ய வைக்கிறீர்கள் என்று அலுவலர் கேட்டார். பேஸ்பால் என்றதும் அவருக்குப் புரியவில்லை. கணினியில், இருவரும் சேர்ந்து, என்று நான் மலாயில் தடுமாறிக்கொண்டிருந்தபோது மகள் குறுக்கே புகுந்தாள். அவளுடைய மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

"நான் அடிப்பேன். அம்மா ஓடுவாங்க," என்று அவரிடம் சொன்னாள். பிறகு என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுவாங்க," என்றாள்.