வரிசையாகச் சொல்ல முடியாதவர்

மணவாள நகரில் இருந்த என் அலுவலகத்துக்கு முதல்முறை வந்த அன்று, அந்த அக்கா நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள் அவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்தவர். சரக்கு அறையில் வைத்து அவருடைய சூப்பர்வைசர் அவரை வல்லுறவு செய்திருந்தான். வழக்கில் அரசு வழக்கறிஞருக்கு உதவியாக, அக்காவின் தரப்பு வழக்கறிஞராக நான் சேர்ந்தேன்.

நான் எதையும் துருவிக் கேட்கவில்லை. அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். மாதக்கணக்கில் துண்டு துண்டாகச் சொன்னார். நடுவில் தொடங்குவார், முடிவுக்குப் போவார், திடீரென்று சரக்கு அறையின் எண்ணெய் வாடையில் வந்து நிற்பார். உறைந்துபோன மனம் அப்படித்தான் நினைவு வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். திருவள்ளூர் நீதிமன்றத்தில் அதற்கு இடமில்லை.

கேட்டுப் போராடி, மூடிய அறையில் விசாரணையும் நடுவில் ஒரு திரையும் வாங்கினேன். ஆனால் உள்ளே போக இருந்தது ஒரே வராந்தா. அழைக்கும்வரை அந்த சூப்பர்வைசர் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கச் சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை. "கதவு சாத்தியிருந்ததுன்னு போலீஸ்ல சொன்னீங்க. இப்போ ஞாபகமில்லைங்கிறீங்க. எதும்மா உண்மை?"

"கதவு எப்டி இருந்துச்சோ தெரியல சார். அவன் கைதான் ஞாபகம் கீது. என் வாய அமுக்கிக்கினு இருந்த கை."

அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். கதவைப் பற்றிய கேள்விகள் மதியம்வரை நீண்டன.

சாட்சியம் முன்னுக்குப்பின் முரணாக இருப்பதாகச் சொல்லி அவனை விடுதலை செய்தார்கள். மேல்கோர்ட்டுக்குப் போகலாம் அக்கா என்றேன்.

"வாணாம் மேடம். நான் மறந்தத மட்டுந்தான் கேட்டாங்கோ. மறக்க முடியாதத ஒருத்தரும் கேக்கல."

இன்று சில நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட சாட்சிகளுக்குத் தனி அறை இருக்கிறது. இளம் வழக்கறிஞர்களின் பயிற்சிக்கு என்னைப் பேச அழைக்கிறார்கள். அப்படிப் பேசிவிட்டுத் திரும்பிய ஒரு மாலையில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. "அக்கா" என்றேன். திரும்பியவர் என்னைப் பார்த்ததும் ஓர் எட்டு பின்னால் போனார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கோ மேடம். உங்கள பாத்தாலே அந்த வராந்தால நிக்கிற மாரி கீது."

நானும் போக வேண்டிய ரயில் வந்தது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை.