இன்ஸ்பெக்டர் வந்த அன்று

நானும் என் தங்கையும் ஒரே முகம் கொண்ட இரட்டைப் பெண் பிள்ளைகள். அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் எட்டாம் வகுப்புப் படித்தோம். இரண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னார் டீச்சர்: டபுள், ட்வின், கப்பிள், பேர். நான் கடகடவென்று ஒப்பித்தேன். தங்கை திணறினாள். ஆனால் ஸ்கேல் விழுந்தது என் விரல்களில்.

“நான் சொல்லிட்டேன் டீச்சர். சொல்லாதது அவ.”

“யாரை அடிச்சா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே.”

வகுப்பே சிரித்தது. விரல் வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. எனக்கு ஆத்திரம் வடியவில்லை.

அடுத்த மாதம் பள்ளியைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். தங்கையையும் இன்னும் சிலரையும் அன்று பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னை முன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார் டீச்சர். இன்ஸ்பெக்டர் என்னிடம் அதே சொற்களைக் கேட்டார். எழுந்து நின்றேன்.

“எனக்குத் தெரியாது சார். நான் தங்கச்சி. மக்குப் பிள்ளைகளை இன்னைக்கு வர வேணாம்னு டீச்சர் சொன்னாக. மறந்து வந்துட்டேன்.”

இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். ‘பொய் சொல்கிறாள், இவள் அக்காதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் மாட்டியிருப்பேன்.

அவருக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.