பனி காரணமாக

"ஞாயிறன்று நடக்கவிருந்த மலை மருத்துவ முகாம், கடும் பனி காரணமாக ஒரு நாள் முன்னதாகவே நடத்தப்பட்டது. முகாமுக்கு வந்த குழந்தைகள் அனைவரும் நலம்."

போடியில் உள்ள எங்கள் சேவைச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. மாதம் கார்த்திகை, முகாம் நடந்த கிழமை சனி. ஆண்டை எழுத மறந்துவிட்டார்கள். நான் அப்போது நான்காம் வகுப்பு என்பதை வைத்து ஆண்டைக் கணக்கிட்டுக்கொண்டேன். சங்க வரலாற்றைத் தொகுக்கும் வேலை என் கைக்கு வந்த பிறகு, இந்தப் பதிவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். பனி என்றால் முகாமைத் தள்ளிவைப்பார்கள். எந்த ஊரில் முன்னதாக நடத்துவார்கள்?

எங்கள் ஊரில் நடத்தினார்கள். அது முடிவான இடம் என் தாய்மாமன் வீட்டுச் சமையலறை. நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்துப் பக்கம், ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். மூன்று வயதுத் தம்பி அவர்களோடு இருந்தான். நான் படிப்புக்காக மாமா வீட்டில். மாமாவுக்கு ஏலக்காய் வியாபாரம். சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஏலம் எடுக்க வருகிற மலையாள வியாபாரிகளோடு சரளமாகப் பேசுவார். ஆனால் அவருக்குத் தெரிந்த மலையாளம் முழுவதும் விலையும் எடையும்தான்.

அன்று காலை மாமா சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

"நேத்துக் கூட்டத்துல ஒரே கூத்து. மலை மேல இருந்து சேதி வந்துருக்கு. குட்டிகளுக்குப் பனியாம், வெரசா வரணுமாம். ஆட்டுக்குட்டி குளிர்ல நடுங்குச்சுன்னா நாம போயி கம்பளி போத்தவா? மாட்டு டாக்டர்கிட்ட இல்ல சொல்லணும்!"

"அப்ப நாளைக்கு முகாம்?" என்றாள் அத்தை.

"பனியில ஜீப்பு எப்பிடி ஏறும்? அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு தீர்மானம் போட்டாச்சு."

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். முகாம் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவதாக மாமா சொல்லியிருந்தார். அது போயிற்றே என்பதுதான் முதல் வருத்தம். இன்னொன்றும் உறுத்தியது.

"மாமா, எஸ்டேட்ல ஆடே கெடையாதே. செடியக் கடிச்சுரும்னு வளக்க விடமாட்டாங்க."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வாசலில் ஜீப் வந்து நின்றதும் அதே நேரத்தில்தான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஓட்டுநர் உள்ளே வந்தார்.

"என்னண்ணே, இன்னும் கெளம்பலையா? நேத்தே சங்கத்து வாச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போனேனே."

"எந்த ஆட்டுக்குய்யா பனி?"

"ஆடா? தோட்டத்துக் கடைக்காரரு சொன்னத அப்பிடியே சொன்னேன்ணே. 'குட்டிகள்க்கு பனியாணு'ன்னாரு. பிள்ளைகளுக்குக் காச்சல்ணே! மலையாளத்துல குட்டின்னா பிள்ளை, பனின்னா காச்சல்தானே?"

மாமா கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். அடுத்த சில நிமிடங்களில் தெருவே ஓடியது. சங்கத்து டாக்டர் மருந்துப் பெட்டியோடு வந்து ஏறினார். நானும் ஏறப் போனேன்.

"நீ வேணாம் ஆத்தா."

"தம்பிக்கும் காச்சலா மாமா?"

"தம்பிக்கு ஒண்ணுமில்ல" என்றார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். யோசித்ததால் பயம் கூடியது.

மொட்டை மாடிக்குப் போனால் மலைப்பாதை தெரியும். பொழுது சாய்ந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி விளக்குகள் ஊர்ந்து இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். அன்று பார்க்க ஒன்றுமில்லை. மதியத்திலிருந்தே மலையை நிஜமான பனி மூடிவிட்டது. மேலே ஒரு பனி, வழியில் ஒரு பனி. எதற்குப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை கூப்பிடக் கூப்பிட இறங்காமல், வெள்ளையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது பால் வண்டி. இன்னொன்று தெரிந்தது. அது பஸ்.

மறுநாள் காலையில்தான் ஜீப் வந்தது. முன்னிருக்கையில் அம்மா, மடியில், கம்பளிக்குள் தம்பி. என்னைப் பார்த்ததும், "பிஸ்கட்டு கொண்டா" என்றான். நான் அழுதேன். அத்தை, "கழுத, பிஸ்கட்டக் கேட்டா அழுவாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த என் சிநேகிதியைப் பற்றிக் கேட்டேன். கோட்டயம் பக்கத்துக் குடும்பம். எனக்குப் பல்லாங்குழியில் கள்ளாட்டம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"அவ ஊருக்குப் போயிட்டா" என்றாள் அம்மா. சொல்லும்போது மாமாவைப் பார்த்தாள். மாமா எழுந்து குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். மலைப்பாதைத் தூசி என்று நினைத்தேன். அவ்வளவு பனியில் தூசி பறக்காது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் போய்விட்டாளே என்று அவள்மேல் கோபம் மட்டும் வந்தது.

ஆட்டுக்குட்டிக் கதையை மாமா அதன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த கூட்டத்திலேயே, மலையிலிருந்து வரும் செய்தியைச் சொன்னவரிடமே திரும்பக் கேட்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவர் மாமா. அது இன்றும் நடப்பில் இருக்கிறது.

மேலே காட்டிய பதிவும் அவர் கையெழுத்துத்தான். 'குழந்தைகள் அனைவரும்' என்று மட்டும் எழுதவில்லை. 'முகாமுக்கு வந்த குழந்தைகள்' என்று கவனமாக எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கூட்டம் சிரித்துக்கொண்டிருந்ததற்கும் சனிக்கிழமை ஜீப் மேலே போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் ஓர் இரவும் ஒரு காலையும் இருக்கின்றன.

அம்மா இப்போது இல்லை. மாமாவிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அவர் சொன்னது ஒன்றுதான்: "அன்னைக்குச் சரியான பனி ஆத்தா. ஒண்ணும் தெரியல."

சிநேகிதியின் குடும்பம் தோட்டத்தை விட்டு இறங்கியது உண்மை. இறங்கும்போது அவளும் கூட இருந்தாளா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.