அங்கிள் விட்டுவிட்ட பாடம்

இப்போது நான் செம்பூரில் காலேஜ் படிக்கிறேன். என் புத்தகங்கள் எல்லாம் போனிலேயே பேசுகின்றன. ஆனால் தாராவியில் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு படித்தபோது நிலைமை வேறு. தமிழ்நாட்டிலிருந்து வரும் பேசும் புத்தகங்களில் இருப்பது அந்த ஊர்ப் பாடம். எங்கள் பம்பாய்ப் பாடத்தைத் தமிழில் படித்துக் கொடுக்க ஆள் கிடையாது. தம்பி இங்கிலீஷ் மீடியம்; அவனுக்குத் தமிழில் கையெழுத்துப் போடவே தகராறு.

கடைசியில் மாட்டுங்காவில் ஓர் அங்கிள் கிடைத்தார். பேங்க்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கண் தெரியாத எனக்காகத் தன் காசில் மைக் வாங்கி, அறிவியல் புத்தகத்தை முழுக்க வாசித்து, ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்துக்கும் குறி வைத்துக் கொடுத்தார். பக்க எண்ணைத் தட்டினால் போதும், போன் நேராக அங்கே போய்ப் பேசும். டீச்சர் ஒரு பக்கத்தைச் சொன்னால், தாளைப் புரட்டுகிறவர்களுக்கு முன்னால் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிர் ஒரு நாள் நன்றாக அடிவாங்கியது. டீச்சர் ஒரு பாடத்தின் தலைப்பை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு, "இத வீட்ல படிச்சுக்கோங்க" என்று அடுத்ததற்குத் தாவினார். மனித இனப்பெருக்கம். பையன்கள் பக்கம் திடீரென்று எல்லாருக்கும் இருமல் வந்தது. பெண்கள் பக்கம் கிசுகிசுப்பு. நானும் ஆவலாகப் போனைத் தட்டினேன். முந்தைய பாடத்தின் கேள்விகள் முடிந்ததும் அங்கிளின் கணீர்க் குரல் மழைநீர்ச் சேகரிப்பு பற்றிப் பேச ஆரம்பித்தது. அடுத்த பக்க எண்ணைத் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றது போன்.

பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். "பொறவு சொல்லுதேன்" என்று சிரித்தாள். அந்தப் பிறகு வரவே இல்லை. எல்லார் மடியிலும் அந்தப் பாடம் படத்தோடு இருக்கிறது, என் காதில் மட்டும் மழை பெய்துகொண்டிருக்கிறது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் உடம்பைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் உம்மா நாப்கினைக் கையில் கொடுத்து, "பத்திரமா இருந்துக்கோ" என்று சொன்னது மட்டும்தான். எதிலிருந்து பத்திரம் என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அங்கிளுக்குப் போன் செய்தேன். "அங்கிள், ஒரு பாடம் விட்டுப்போச்சு."



"விட்டுப்போகலேம்மா. நானாத்தான் விட்டேன். எனக்குப் பேத்தி மாதிரி இருக்கே. அதெல்லாம் நான் எப்படி உனக்கு வாய்விட்டு வாசிக்கறது? சாய்ஸ்ல விட்டுடேன்."

"மத்தவங்க படிச்சிட்டு சாய்ஸ்ல விடுவாங்க. நான் மட்டும் என்னன்னே தெரியாம விடணுமா அங்கிள்?"

அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "தப்புதான்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "உங்கம்மா வாசிப்பாளா?" என்று கேட்டார்.

உம்மா ஊரில் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணப் பத்திரிகை, கடைப் போர்டு என்றால் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். அறிவியல் புத்தகம் அவளுக்கு மலைதான். திட்டு விழும் என்றுதான் போய்க் கேட்டேன். எந்தப் பாடம், ஏன் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"வெள்ளிக்கிழம படிக்கேன். நீ கீழ போய் இருந்துக்கிடணும்."

எங்கள் வீடு வாப்பாவின் தோல் பை பட்டறைக்கு மேல் மாடி. நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தம். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் தொழுகைக்குப் போகும்போது மட்டும்தான் மெஷின்கள் நிற்கும். அன்றைக்கு ரெக்கார்டிங்கை ஓடவிட்டுப் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, நான் ஆளில்லாத பட்டறையில் பசை வாசத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். மேலே உம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். வாப்பாவும் ஆட்களும் திரும்பி வந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்தபோது, இறங்கி வந்து போனை என் கையில் திணித்தாள்.

நான் எந்தப் புத்தகத்தையும் இரட்டை வேகத்தில்தான் கேட்பேன். இதற்கு வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டேன். உம்மாவும் அங்கிள் மாதிரியே முதலில் பக்க எண், பிறகு தலைப்பு. சூலகம் என்ற சொல்லில் மூன்று முறை முட்டி மோதினாள். மாதவிடாய் வந்ததும் குரல் இறங்கிப்போனது. பூட்டிய வீட்டுக்குள் யார் கேட்டுவிடுவார்களோ, பாவம். படம் வந்தால் என்ன படம் என்று சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதையும் மறக்கவில்லை.

"இங்கன ஒரு படம் போட்டிருக்கு. வயித்துக்குள்ள புள்ள கெடக்கு, தலகீழா. நீயும் இப்படித்தான் கெடந்த."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். மூன்றாம் மாத முடிவுக்குள் குழந்தையின் கண், காது, கை, கால் எல்லாம் உருவாகிவிடுகின்றன. அதோடு குரல் நின்றுவிட்டது. ரெக்கார்டிங் முடிந்துவிட்டதோ என்று போனைத் தடவினேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எனக்குக் கிரகணம் ஏழாம் மாசத்துலல்லா" என்றாள் உம்மா.

அதை என்னிடம் சொல்லவில்லை, புத்தகத்திடம் சொன்னாள். நான் பிறக்கும்போதே கண் நரம்பு வளரவில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் சொன்ன காரணம் வேறு. நான் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகண நாளில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று உம்மா குடத்தோடு வெளியே போனாளாம், அதனால்தான் பிள்ளைக்கு இப்படியாம். கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசுவார்கள். பைத்தியக்காரப் பேச்சு என்று நான் தள்ளிவிடுவேன். உம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவளும் தள்ளிவிட்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போனில் அவள் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தபோது எந்த எழுத்திலும் தடுமாறவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பக்க எண்ணைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சப் பாடத்தை அழுதுகொண்டேதான் கேட்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். உம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டபடி உட்கார்ந்தேன். அவள் கை நிற்கவில்லை.

"பாடம் புரிஞ்சுதாளா?" என்று கேட்டாள்.

"புரிஞ்சுது உம்மா."

"எனக்கும் புரிஞ்சுது" என்றாள்.