இடியனுக்கு வைத்த சந்தனம்

கூழ்முட்டையை உடைத்து வெந்நீரில் கலக்கிவிட்டது போன்ற ஒரு நாற்றம். கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் குளியலறைக் கதவிடுக்கால் அது கசிந்து வந்து, அம்மா தாளித்துக்கொண்டிருக்கும் பருப்பின் வாசனையைத் தோற்கடித்துவிட்டு, என்னுடைய படுக்கையறை வரைக்கும் போகும். உள்ளே அப்பா குளியல் தொட்டியின் ஓரத்தில் குந்தியிருந்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கரைத்த கொதிநீரைத் தன்னுடைய வேட்டைத் துவக்கின் நீண்ட குழலுக்குள் ஊற்றி, கம்பின் நுனியில் சுற்றிய பழைய பெனியன் துணியால் இழுத்து இழுத்துக் கழுவிக்கொண்டிருப்பார். கரிமருந்து வெடித்த துவக்கை அன்றைக்கே கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடுமாம். ஒருமுறை கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் எங்கேயோ காஸ் ஒழுகுகிறது என்று பயந்து கதவைத் தட்டியபோது, அம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, "முட்டை, முட்டை" என்று சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டார். எங்களுக்கு முட்டை அவிக்கத் தெரியாது என்று அந்த மனிதர் கடைசிவரை நம்பியிருப்பார்.

அப்பா அந்தத் துவக்கை "இடியன்" என்பார். மருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய்ப்பக்கத்தால் போட்டு, நீண்ட கம்பால் இடித்து இறுக்குவதால் எங்கள் ஊரான வன்னியில் அதற்கு அந்தப் பெயர். விசையை இழுத்தால் ஒரு கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். குழலின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் கரண்டி போன்ற பள்ளத்தில் வைத்த ஒரு சிட்டிகை மருந்து பற்றும். அந்த நெருப்பு ஊசிமுனை அளவு துவாரம் ஒன்றின் வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைக் கொளுத்தும். அந்தத் துவாரத்துக்கு அப்பா வைத்திருந்த பெயர் "காது". அது அடைபட்டால் துவக்கு ஊமையாகிவிடும் என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் எத்தனையோ தரம் காதில் வாங்கியிருக்கிறேன், மனதில் வாங்கவில்லை.

அப்பா ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அங்கே அவரோடு வேலை பார்த்த ழில் என்கிற கியூபெக்காரர்தான் அவருக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே வேட்டைச் சினேகிதர். ழிலுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குப் பிரெஞ்சு இருபது சொல்லுக்கு மேல் தெரியாது, ஆனால் இருவரும் காரில் இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டே போய்வருவார்கள். ழிலின் தமையனுக்கு நகருக்குத் தெற்கே ஒரு பண்ணையும் அதை ஒட்டி ஒரு மேப்பிள் காடும் இருந்தன. அப்பா வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, வேட்டைக்காரருக்கான அட்டையை எடுத்த நாளில், ழில் தன்னிடமிருந்த தொலைநோக்கி பூட்டிய நவீன ரைபிள் ஒன்றை அவருக்குக் கொடுக்க முன்வந்தார். இருநூறு மீற்றர் தூரத்தில் நிற்கும் மானின் இமையைக் கூட அதில் எண்ணலாமாம். அப்பா அதைக் கையில் வாங்காமல், ழிலின் வீட்டுச் சுவரில் அழகுக்குத் தொங்கிக்கொண்டிருந்த இந்தப் பழைய கல்துவக்கைக் காட்டி, "அது" என்று மட்டும் சொன்னாராம். ழில் இந்தக் கதையை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லித் தலையில் கை வைத்துச் சிரிப்பார்.

அப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இருபத்தைந்து வயதில் அவர் ஊரில் ஒரு சந்தியில் நின்று, விசையை அழுத்திப் பிடித்தால் நிற்காமல் சுடும் துவக்கு ஒன்று என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். யார் சுட்டார்கள், யார் விழுந்தார்கள் என்று அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை. ஆனால் நவீனத் துவக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது அவசரக்காரன்ரை சாமான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இடியனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இளகும். "ஒருக்கா வெடிச்சால் பிறகு மருந்து போட்டு, குண்டு போட்டு, இடிச்சு நிமிர ஒரு நிமிசம் வேணும். அந்த நிமிசத்துக்குள்ளை மனிசனுக்குப் புத்தி வந்திடும்" என்பார். சாமி கும்பிடும்போது கூட அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கையை நான் கண்டதில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் எனக்குப் பத்து வயது. அப்பாவின் ஒரே தம்பி, குணம் சித்தப்பா, வன்னியில் இருந்தார். நான் அவரை நேரில் கண்டதில்லை. தொலைபேசியில் வரும் ஒரு சிரிப்பாகத்தான் எனக்குத் தெரியும். "அண்ணை, கனடாவிலை போய் நிண்டும் உனக்கு இடியனோ? இஞ்சை பன்றியள் கூட உன்னைக் கேட்டுச் சிரிக்குது" என்று அவர் பகிடி பண்ணினால், அப்பா ஒரு கிழமைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த வருடம் போர் இறுகிப் பாதைகள் மூடப்பட்ட பிறகு சித்தப்பாவின் அழைப்புகள் குறைந்தன. கடைசியாக வந்த அழைப்பில் பகிடி இல்லை. சண்டைக்கு ஆட்களைப் பிடித்துக் கையில் துவக்கைக் கொடுக்கிறார்கள் என்றும், தான் பகலில் வெளியே வருவதில்லை என்றும், எப்படியாவது தன்னை வெளியே எடுத்துவிடும்படியும் அவசரமாகச் சொன்னார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. அப்பா இரண்டு தரம் அதே எண்ணைத் திரும்ப அழுத்திப் பார்த்தார். "அவனுக்கு இடியனைத் தவிர வேறை ஒண்டும் பிடிக்கத் தெரியாது" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் குசினியில் அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவர்கள் வீட்டு ஆண்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். பருவத்தின் முதல் வெடிக்கு முன் ஒரு காரியத்தை மனதில் நினைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வெடியில் மிருகம் விழுந்தால் காரியம் கைகூடும், விழாவிட்டால் இல்லை.

"இந்த முறை மான் விழுந்தால் குணம் வந்து சேருவான்" என்றார் அப்பா.

"உங்களுக்கென்ன விசரோ? தம்பிக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்? கோயிலிலை போய் நேர்த்தி வையுங்கோ" என்றார் அம்மா.

"அதுவும் வைச்சிட்டன்" என்றார் அப்பா.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள், ஆயுதபூசை. என்னுடைய பள்ளிப் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெசின், அரிவாள், கார்ச் சாவி எல்லாம் சாமி அலுமாரிக்கு முன்னால் துணி விரித்து அடுக்கப்பட்டபோது, அப்பா இடியனையும் கொண்டுவந்து குறுக்கே கிடத்தினார். "சரஸ்வதிக்கு முன்னாலை துவக்கோ? அந்த மனிசி வீணை வைச்சிருக்கிறவ" என்று அம்மா சண்டைக்கு வந்தார். தன்னுடைய ஆயுதம் அதுதான் என்று அப்பா சொல்ல, "உங்கடை ஆயுதம் சலவை மெசின். ஏலுமெண்டால் அதைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, துவக்கைத் தொடமாட்டேன் என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தந்தார்.

நான் எப்படி வைத்தேன் தெரியுமா? சித்தப்பா வரவேண்டுமே என்கிற முழுப் பக்தியோடு வைத்தேன். பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் குழல் நெடுக வரிசையாகப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் தொட்டேன். பிறகு அந்தக் காது கண்ணில் பட்டது. கோயிலில் அம்மன் சிலையின் காதுக்குக் கூடச் சந்தனம் சாத்தியிருப்பதைக் கண்டிருந்த எனக்கு, அதை மட்டும் வெறுமனே விட மனம் வரவில்லை. ஒரு பல்லுக்குத்தும் குச்சியால் சந்தனத்தை எடுத்து அந்தத் துவாரத்துக்குள் மெல்ல மெல்ல அழுத்தி, நிரப்பி, தடவி, மேலே ஒரு குங்குமப் புள்ளியும் வைத்தேன். மற்ற எல்லாப் பொட்டுகளையும்விட அதுதான் வட்டமாக வந்திருந்தது. பூசை முடிந்து அப்பா துவக்கைத் துடைத்து உறையில் போட்டார். அந்த மாதம் முழுவதும் இரட்டை வேலை, அதை மறுபடி பிரித்துப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. உள்ளே சந்தனம் காய்ந்து கல்லாகிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ழிலோடு விடிய முதலே புறப்பட்டுப் போனவர் பின்னேரம் திரும்பினார். குளிரில் காது சிவந்திருந்தது. நேரே போய்த் துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். குளியலறைப் பக்கம் போகவில்லை. "மான் வந்தது. கல் தட்டினது, மேல் மருந்து மட்டும் புஸ்ஸெண்டு எரிஞ்சு போட்டுது. துவக்கு வெடிக்கேல்லை" என்றார் அப்பா. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் எத்தனையோ தரம் சொன்ன அந்தக் காது, அதை நான் அடைத்த விதம், எல்லாம். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன், பயத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் சாமி அலுமாரிக்கு முன்னால் போய், பிழை என்னுடையது, துவக்கினுடையது இல்லை, ஆகையால் அது கணக்கில் வராது என்று தினமும் வாதாடிக்கொண்டிருந்தேன். வகுப்பில் பனிமனிதன் வரையச் சொன்னால் கூட நான் மான் வரைந்து கொடுத்தேன். என்னுடைய ஆசிரியை அது நல்லாயிருக்கிறது என்று சுவரில் ஒட்டினார்.

மே மாதத்தில் தகவல் வந்தது. சித்தப்பா இல்லை. எந்த நாள், எந்த இடம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கையில் புதுத் துவக்கு ஒன்று இருந்தது என்று ஒருவர் சொன்னார், வெறுங்கையோடு சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது என்று இன்னொருவர் சொன்னார். அப்பா இரண்டாமவர் சொன்னதைத்தான் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். உடல் இல்லாத சாவீடு எங்கள் வரவேற்பறையில் நடந்தது. படத்துக்கு விளக்கேற்றினோம். சலவைப் பகுதியிலிருந்து வந்த ழில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மூலையில் நின்று அழுதார். அப்பா அழுததை நான் காணவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. சித்தப்பாவை நான்தான் கொன்றேன் என்று பத்து வயதில் ஒரு பிள்ளை நம்பினால், அதை யாரிடம் போய்ச் சொல்லும்?

அடுத்த பருவத்துக்கு அப்பா போகவில்லை. இடியனை ழிலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, முழங்கால் நோகுது என்றார்.

பிறகு நாங்கள் நகரின் புறத்தே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வீடு மாறினோம். அம்மா காலமாகி மூன்று வருடமாகிறது. சென்ற தைப்பூசத்தன்று நானும் அப்பாவும் முருகன் கோயிலிலிருந்து வெளியே வந்து, காரின் கண்ணாடியில் படிந்த பனி உருகட்டும் என்று இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருந்தோம். ஐயர் தந்த சந்தனத்தை நான் வழக்கம்போல நெற்றியில் வைக்காமல் கடதாசியில் மடித்துவைத்திருந்தேன்.

"ஏன் பிள்ளை, நீ சின்னனிலையிருந்து சந்தனம் வைக்கிறேல்லை?" என்றார் அப்பா.

அவர் சும்மாதான் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். குச்சியால் அழுத்தியதிலிருந்து எல்லாவற்றையும், முப்பதை நெருங்கும் பெண்ணான நான் காருக்குள் இருந்து விம்மி விம்மி அழுதுகொண்டு சொன்னேன்.

அப்பா தன் கைலேஞ்சியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். "அண்டைக்கே கம்பியாலை தோண்டி எடுத்திட்டன். காடு முழுக்கச் சந்தனம் மணத்தது. திரும்ப மருந்து வைச்சிட்டு நிமிர்ந்து பாக்கிறன், மான் அப்பிடியே நிக்குது. என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது."

"பேந்து?"

"வடிவாக் குறி பாத்தன். விரல் மடங்கேல்லை. யோசிக்க நேரம் கிடைச்சிட்டுதெல்லோ." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குணத்தை மனசிலை வைச்சுக்கொண்டு நிண்டனான், பிள்ளை. அப்பிடி இருந்தும் நான் வெடி வைக்கேல்லை. அந்தக் கோதாரி நிமிசம்."

"அது வெறும் மான்தானே, அப்பா" என்றேன்.

"அது வெறும் சந்தனம்தானே" என்றார் அவர்.

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் சொன்னதை நானும் நம்பவில்லை. அம்மா இருந்திருந்தால் இருவருக்கும் விசர் என்று ஏசி, ஒரு வழியாகத் தீர்த்து வைத்திருப்பார். ழிலும் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய தமையனின் காட்டை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள், துவக்கு யார் கைக்குப் போனதோ தெரியாது. அன்றைக்கு நடந்ததைத் தெரிந்தவர்கள் என்று இப்போது உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறோம், ஆளுக்கொரு கொலையை மடியில் வைத்துக்கொண்டு. பனி உருகிப் பாதை தெரிந்தது. அப்பா, "எடு பிள்ளை, போவம்" என்றார்.