தைசீர் கேட்கும் கேள்விகள்

"நம்ம பல்கலைக்கழகத்துப் பின்பக்கக் கதவு என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டுத் தைசீர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். எதிரில் இருப்பவர் பதில் சொல்லும்வரை நிமிரமாட்டார். "அழுத மூஞ்சியப் பாத்தா பதில் வராமலே கை தானா கணக்கத் தொறக்குற பொத்தான அமுக்கிருதுப்பா" என்பார்.

கெய்ரோவில் எங்கள் சூடான் ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் ஃபைசல் தெருவில், என் காப்பிக்கடை மாடியறைதான் அவருடைய அலுவலகம். கார்ட்டூமில் பல்கலைக்கழக மாணவர்களின் இணையக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டவர். போரில் கட்டடம் எரிந்தது. கணக்குகள் மட்டும் வெளிநாட்டுக் கணினி ஒன்றில் தப்பித்துக் கிடந்தன. அடையாள அட்டையைக்கூடத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்டு, ஆளை உறுதிசெய்துகொண்டு, அவர்தான் அவற்றைத் திறந்துகொடுக்கிறார். அந்த ஒரு கணக்கு போதும், தேர்வுத் தளம், நூலகம், வேறு நாட்டுப் பாடங்கள் என எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்துவிடலாம்.

கணக்குகளைப் 'பிள்ளைங்க' என்றுதான் சொல்வார். "இன்னிக்கு நாலு பிள்ளைங்க கண்ணு முழிச்சுச்சு" என்றபடி ஆறிப்போன காப்பியைக் குடிப்பார். சூடாகக் கொடுத்தாலும் ஆறவைத்துத்தான் குடிப்பார். கறாரிலும் குறைவில்லை. தங்கை மகளையே கேள்விக்குப் பதில் தெரியவில்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் இன்னும் இவரோடு பேசுவதில்லை.

போன திங்கட்கிழமை ஷிஹாப் வந்தான். மருந்தியல் கடைசி வருடம். இறுதித் தேர்வுக்குப் பதிய அன்றுதான் கடைசி நாள். தவறினால் இன்னொரு வருடம் போய்விடும். தைசீர் என்ன கேட்டாலும் விழித்தான்.

"எல்லாம் மறந்துபோச்சுக்கா. குண்டுச் சத்தந்தான் தலைக்குள்ள நிக்குது."

"இவன் ஷிஹாப்தான்னு சொல்ல, கூடப் படிச்சவங்க யாராச்சும்?"

"யாரு எங்க இருக்காங்கன்னே தெரியாது."

காப்பி கொண்டுபோன எனக்குப் பொறுக்கவில்லை. "விட்டுருங்கக்கா, பொய் சொல்ற மூஞ்சியாவா இருக்கு?"

"நீ சும்மா இரு. இவன் பேர்ல வேறொருத்தன் உள்ள பூந்தான்னா, நாளைக்கு நம்ம பிள்ளைங்க ஒருத்தரையும் எவனும் நம்பமாட்டான்."

சற்று யோசித்தவர் கேட்டார்: "டீ எங்க குடிப்ப?"

"ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால. ஹவ்வாம்மாகிட்ட."

தைசீரும் அங்கேதான் குடித்திருக்கிறார். ஹவ்வா இப்போது சூடானின் கிழக்கே கசலா ஊரில் டீக்கடை போட்டிருப்பதும் அவருக்குத் தெரியும். கைபேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"ஹவ்வாம்மா, ஒரு குரல் கேக்கும். யாருன்னு சொல்லு." பிறகு அவனிடம், "பேரைச் சொல்லாத. டீ மட்டும் கேளு."

ஷிஹாப் கைபேசிப் பக்கம் குனிந்தான். "ஹவ்வாம்மா... ஒரு டீ. இஞ்சி தூக்கலா."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கூச்சல்.

"ஷிஹாபா? அடப்பாவி, உசுரோடயாடா இருக்க! மருந்து படிக்கிற பயலுக்கு எதுக்குடா இம்புட்டு இஞ்சின்னு திட்டுவேனே! எங்கடா இருக்க, சாப்டியாடா?"

ஷிஹாப் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஹவ்வா பேசிக்கொண்டே இருந்தார். தைசீர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"ம், புதுக் கடவுச்சொல் போட்டுக்கோ. எனக்குச் சொல்லிராத."

அவனுடைய பழைய மடிக்கணினியில் தேர்வுப் பக்கம் திறந்தது. மேலே அவன் முழுப்பெயர். பாதி நிரப்புவதற்குள் கணினி 'பீப் பீப்' என்றது. சார்ஜ் தீரப்போகிறது. அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக். வாசலில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். தைசீர் தன் கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அவனுடையதைச் செருகினார்.