சூடு ஆறாத மூடி

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என் அண்ணிக்குப் பட்டப்பகலில் நடந்தது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். அங்கே முதலாளிக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் ‘அவசரம்’. அவன் என்றுதான் சொல்வேன். மரியாதை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் நாளே ஒரு பழைய நீராவி மெஷினை அண்ணி தலையில் கட்டினான்.

மெஷின் எளிதுதான். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, பிளக்கைச் செருக வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் கைப்பிடியை அழுத்தினால் ஆவி சீறிக்கொண்டு வந்து, டைல்ஸ் இடுக்கில் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கையும் கரைத்துவிடும். தண்ணீர் தீர்ந்தால்தான் ஜாக்கிரதை. பிளக்கைப் பிடுங்கி, மிச்ச ஆவியை வெளியே விட்டு, மெஷின் ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும். அவசரத்துக்கு அந்தப் பொறுமை ஏது? “ஈரத் துணியைச் சுத்தித் திருகு, போதும்” என்பான்.

அன்று ஒரு காலி வீடு. நடுப்பகல். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் விரல் இழுத்த மூன்று கோடுகள். தன் கைதான் பட்டிருக்கும் என்று அண்ணி துடைத்தாள். திரும்பிப் பார்த்தால்... மறுபடியும் மூன்று கோடுகள்.

தண்ணீர் தீர்ந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். ஆவியை வெளியே விட்டாள். சத்தம் அடங்கியது. மெஷின் மட்டும் இன்னும் சுட்டது.

அவசரம் உள்ளே வந்தான். “ஏம்மா, வேடிக்கை பாக்கவா வந்தே? திற!”

“சூடா இருக்கு சார்...”

“திறக்குறியா, வேலையை விட்டுப் போறியா?”

அந்த வேலைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. அண்ணி துணியைச் சுற்றித் திருகினாள். மூடி அசையவில்லை.

அண்ணியின் மணிக்கட்டில் சில்லென்றது. யாரோ பிடித்து... பின்னால் இழுத்தார்கள்.

“தள்ளு!” அவன் மூடியில் கை வைத்தான்.

வைத்ததுதான் தாமதம்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

வெறும் தொட்டியிலிருந்து ஆவி.

அலறினான். ஆனால் கையை எடுக்கவில்லை. “விடு! விடுடி!”

அண்ணி எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனிடம் கேட்டார்: “யாரு உங்க கையைப் பிடிச்சு வச்சிருந்தது?” முழங்கை வரை தோல் வெந்திருந்தது. மணிக்கட்டில் மட்டும் மூன்று பட்டைகள், எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல் தடம்... அந்த இடம் வேகவே இல்லை.

மறுநாள், தன்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் அண்ணி இதைச் சொன்னாள். அக்கா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“உனக்கு முன்னாடி அந்த மெஷின்ல ஒருத்தி வேலை பாத்தா. இப்படித்தான் திற திறன்னு கத்தினான். திறந்தா. முகமெல்லாம் வெந்து செத்தே போனா. அவ கவனக்குறைவுன்னு சொல்லிக் கை கழுவிட்டான்.”

இதைக் கேட்டதும் அண்ணியிடம் நான் சொன்னேன்: அவனுக்கு நன்றாக வேண்டும்.

அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூணு விரல்தானா? நல்லா பாத்தியா?”

“மூணுதான்க்கா. அப்புறம் கட்டைவிரல்.”

“அவளுக்கு வலது கையில சுண்டு விரல் கிடையாது.”